சுவரில் எட்டுப் பெயர், தோட்டத்தில் எட்டு மரம்

கேள்வி இது: "போரில் இறந்தவர்களுக்கு எல்லா நாட்டிலும் நினைவிடம் இருக்கிறது. செவிலியர்களும் அதில் அடக்கம்தானே? அவர்களுக்கென்று தனியாகச் சிலை, பூங்கா எல்லாம் எதற்கு? ஆளாளுக்குத் தனி நினைவிடம் கேட்டால் எங்கே போய் முடியும்?"

கிட்டத்தட்ட இதையேதான் 1987 அக்டோபரில் வாஷிங்டனில் இருந்த ஒரு அரசுக் குழுவும் கேட்டது. தலைநகரில் எந்தச் சிலை வைப்பதானாலும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். நுண்கலை ஆணையம் என்று பெயர். வியட்நாமில் பணியாற்றிய செவிலியர்களுக்கு ஒரு சிலை வைக்க அனுமதி கேட்டு வந்தவர்களிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் நினைவிடமே எல்லோருக்குமானது, இன்று இவர்களுக்குக் கொடுத்தால் நாளை இன்னொரு பிரிவு வரும் என்பது வாதம். மோப்ப நாய்களுக்காகக்கூட ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்ற பேச்சும் அந்தக் கூட்டத்தில் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள், குண்டடிபட்டு வந்த பையன்களின் ரத்தத்தைத் துடைத்து வேலை பார்த்த பெண்கள். ஆறே ஆண்டில், 1993 நவம்பர் 11 அன்று, அதே இடத்தில் சிலை திறக்கப்பட்டது. நடுவில் நடந்ததைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்துக்குப் பக்கத்தில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் இருக்கிறது. பளபளக்கும் கறுப்புக் கருங்கல், அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். மாயா லின் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவி கொடுத்த வடிவம்; 1982-ல் திறந்தார்கள். பெயர்கள் அகர வரிசையில் இருக்காது, இறந்த தேதி வரிசையில் இருக்கும். பதவி, பட்டம் எதுவும் கிடையாது. அந்தப் பெயர்களில் எட்டு மட்டும் பெண்களுடையவை. எட்டுப் பேரும் ராணுவச் செவிலியர்கள்.

சுவர் மட்டும் போதாது, மனித உருவம் வேண்டும் என்று சில முன்னாள் வீரர்கள் பிடிவாதம் பிடித்ததால், 1984-ல் ஃபிரெடரிக் ஹார்ட் செய்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையைப் பக்கத்தில் வைத்தார்கள். மூவரும் ஆண்கள். டயேன் கார்ல்சன் எவன்ஸ் என்ற முன்னாள் ராணுவச் செவிலியருக்கு உறுத்தியது அதுதான். மின்னசோட்டாவில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்தவர். 1968-69-ல் வியட்நாமில் வேலை பார்த்தார். முதலில் வுங் தௌவில் தீக்காயப் பிரிவு, பிறகு மலைப்பகுதியான ப்ளேக்குவில் தலைமைச் செவிலியர். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். பெயர்கள் மட்டும் இருந்தவரை யாரும் விடுபட்டதாகத் தெரியவில்லை. உருவம் என்று ஒன்றை வைத்ததும், அதில் யார் இல்லை என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டே அவரும் சிலரும் சேர்ந்து நினைவிடத்துக்கான அமைப்பைத் தொடங்கினார்கள்.

தொடங்கியதும் முதல் முட்டுக்கட்டை. வியட்நாமில் எத்தனை பெண்கள் வேலை செய்தார்கள் என்று கேட்டால் ராணுவத்திடம் சரியான கணக்கு இல்லை! ஊழியர்களைப் பெண், ஆண் என்று பிரித்துப் பதிவு வைத்திருக்கவில்லை. சுமார் 11,000 பேர், அதில் பத்தில் ஒன்பது பேர் செவிலியர் என்பதுதான் இன்றும் சொல்லப்படும் கணக்கு, அதுவும் மதிப்பீடுதான். எத்தனை குண்டு வீசினோம் என்பதற்கு டன் கணக்கில் பதிவு வைத்திருந்த ஒரு போரில் இது நடந்தது. "செவிலியர்களும் அதில் அடக்கம்தானே" என்று நீங்கள் கேட்டதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. யாரை யார் எண்ணி அடக்கினார்கள்?

கணக்கில் விட்டுப்போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிடப் பெரிய காரணம் அந்த வேலையிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முந்தைய போர்களில் பலத்த காயம்பட்டவர்களில் பலர் களத்திலேயே, அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிடுவார்கள். வியட்நாமில் ஹெலிகாப்டர் அதை மாற்றிவிட்டது. அடிபட்டவரைக் காட்டுக்குள்ளிருந்து தூக்கி, பல நேரம் ஒரு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்துவிட முடிந்தது. அதனால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் இதற்கு இன்னொரு முகம் உண்டு. முன்பு களத்தில் போயிருக்க வேண்டிய உயிர்கள் இப்போது ஆஸ்பத்திரி வரை வந்து, ஒரு செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு போயின. இரண்டு காலும் போன பத்தொன்பது வயதுப் பையன், வயிறு கிழிந்து வந்தவன், உடம்பெல்லாம் வெந்து வந்தவன் எல்லோரும் நினைவோடு வந்தார்கள், பேசினார்கள், அம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்தச் செவிலியருக்கும் அவர்களைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம். பலர் படிப்பை முடித்து ஓரிரு ஆண்டுகூட ஆகாதவர்கள்.

ஹெலிகாப்டர்கள் ஒரே நேரத்தில் நாலைந்து வந்து இறங்கினால், யாரை முதலில் உள்ளே எடுப்பது என்று பிரிக்க வேண்டும். உடனே கவனித்தால் பிழைப்பவர் ஒரு பக்கம், காத்திருக்கக் கூடியவர் ஒரு பக்கம், பிழைக்க வாய்ப்பில்லாதவர் ஒரு பக்கம். மூன்றாவது பிரிவினரைத் திரை மறைவில் ஓர் ஓரமாகப் படுக்க வைப்பார்கள். மருத்துவர்கள் மற்றவர்களுக்காக ஓட வேண்டியிருக்கும். திரைக்குப் பின்னால் போய் மார்ஃபின் கொடுத்து, கூட உட்கார நேரம் கிடைத்தால் உட்காருவது நர்ஸ் வேலை. பல நேரம் அந்த நேரமும் கிடைக்காது. பிற்காலத்தில் இந்தச் செவிலியர்கள் பேசியதைப் படித்தால், குண்டு வெடித்ததைவிடத் திரைக்குப் பின்னால் விட்டுவந்த அந்தப் பையன்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. காயம் ஓரளவு நிலைப்பட்டதும் ஆளை விமானத்தில் ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிடுவார்கள். அந்தப் பையன் பிழைத்தானா, கண் பார்வை திரும்பியதா என்பது செவிலியருக்குத் தெரியவே வராது. அவனுக்கும் இவர் பெயர் தெரியாது. மயக்கத்தில் கேட்ட ஒரு குரல் மட்டும் ஞாபகம் இருக்கும். 1993 திறப்பு விழாவுக்கு, தன்னைக் கவனித்த செவிலியர் யார் என்று தேடிக்கொண்டே வந்த முன்னாள் வீரர்கள் இருந்தார்கள். இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து!

என் பதிலின் நடுப்புள்ளி இதுதான். பெயர்ச் சுவர் என்பது இறந்தவர்களின் பட்டியல். அதை வைத்துப் பார்த்தால் செவிலியர்களின் பங்கு 58,000-ல் எட்டு. அவ்வளவுதான். அவர்கள் காப்பாற்றியவர்கள் அந்தச் சுவரில் இல்லை, அதுதானே அவர்கள் வேலையின் பலன். அவர்கள் கையில் இறந்தவர்கள் சுவரில் இருக்கிறார்கள், ஆனால் யார் கையில் இறந்தார்கள் என்று கல் சொல்லாது. செவிலியர்களில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள், அதனால் அவர்கள் பெயரும் இல்லை. இறப்பை மட்டும் அளக்கும் எந்த நினைவிடத்திலும் இந்த வேலை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. தனியாக ஒன்று வைத்தால்தான் உண்டு.

திரும்பி வந்தவர்களின் நிலைமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போர் அமெரிக்காவிலேயே வெறுக்கப்பட்ட போர். வியட்நாமில் இருந்தேன் என்று வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த செவிலியர்கள் ஏராளம். முன்னாள் வீரர்களின் பெரிய சங்கங்களில் ஒன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே 1978-ல்தான். 1980-களில் அரசு நடத்திய ஒரு பெரிய ஆய்வில், வியட்நாமில் வேலை செய்த பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் போர்ப் பேரதிர்ச்சியின் (போரில் பார்த்தது பிறகும் விடாமல் துரத்தும் மனப் பாதிப்பு) முழுமையான அறிகுறிகள் இருந்ததாகத் தெரிந்தது. துப்பாக்கி தூக்கிய ஆண்களுக்கு வந்த விகிதத்தைவிட இது கொஞ்சம்தான் குறைவு.

சரி, சிலைக்கு வருவோம். முதலில் அனுமதி மறுக்கப்பட்ட சிலை ராட்ஜர் பிராடின் செய்தது, ஒற்றைச் செவிலியர் உருவம். ஆணையம் மறுத்ததும் எவன்ஸும் மற்றவர்களும் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1988 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் நினைவிடத்துக்கு அனுமதி தந்தது. சுவருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்பது அடுத்த ஆண்டு மூத்த புஷ் கையெழுத்தில் வந்தது. அப்புறம் திறந்த போட்டி. 300-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. கடைசியில் சிலையாக நின்றது, போட்டியில் ஊக்கப் பரிசு மட்டும் பெற்றிருந்த கிளென்னா குட்ஏக்கரின் வடிவம்.

மனித உயரத்தைவிடச் சற்றுப் பெரிய வெண்கலம். மணல் மூட்டைக் குவியல் மேல் ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் சாய்ந்தபடி காயம்பட்ட ஒரு வீரன். அவன் முகத்தில் பாதியைக் கட்டு மறைத்திருக்கிறது. அது யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்பதற்காகவே அப்படி. பக்கத்தில் நிற்கும் பெண் வானத்தைப் பார்க்கிறாள். ஹெலிகாப்டர் வருகிறதா என்று பார்க்கிறாளா, கடவுளைக் கேட்கிறாளா என்பது பார்ப்பவர் பாடு. மூன்றாவது பெண்ணைப் பார்க்கச் சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். அவள் மண்டியிட்டு, வெறும் ஹெல்மெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாங்கள் யார் என்று முன்னாள் செவிலியர்கள் பலர் காட்டுவது அந்த மூன்றாவது பெண்ணைத்தான்.

அந்தப் பெண்ணின் கையில் முதலில் ஹெல்மெட் இல்லை. குட்ஏக்கரின் முதல் வடிவத்தில் ஒரு வியட்நாமியக் குழந்தை இருந்தது. அரசியல் ஆகிவிடும் என்று எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்தச் செவிலியர்கள் அமெரிக்க வீரர்களை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. தீக்காயப் பிரிவுகளில் வியட்நாமியக் குழந்தைகள் இருந்தார்கள்; எந்தத் தீயில் வெந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் காட்டினால் சங்கடம், அதனால் ஹெல்மெட். சிற்பமாகப் பார்த்தால் ஹெல்மெட் வலுவாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியின் நோயாளிகளில் ஒரு பகுதியினர் அந்தத் தோட்டத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள். (இதே குட்ஏக்கர் பிறகு அமெரிக்க டாலர் நாணயம் ஒன்றுக்கு சாகாஜவியா என்ற பூர்வகுடிப் பெண்ணை வடித்தார், 2000-ல் வெளிவந்தது. அதில் முதுகில் ஒரு குழந்தை உண்டு.)

சிலையைச் சுற்றி எட்டு மரங்கள் நட்டிருக்கிறார்கள், சுவரில் பெயர் இருக்கும் எட்டுப் பெண்களுக்கு ஒன்று வீதம். யெல்லோவுட் என்ற அமெரிக்க மரம். வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். வசந்தத்தின் கடைசியில் பூக்கும்போது நம் சரக்கொன்றை மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும், நிறம் மட்டும் வெள்ளை. நீங்கள் பூங்கா என்று கேட்டதால் சொல்கிறேன்: இந்த நினைவிடத்தைத் தோட்டமாக்குவது இந்த மரங்களும் சுற்றியிருக்கும் புல்வெளியும் உட்காரப் போட்டிருக்கும் பெஞ்சுகளும்தான். சுவரில் பெயரைத் தடவிவிட்டு வருகிறவர்கள் இங்கே வந்து உட்காருகிறார்கள். சுவரில் நின்றால் அழுகை வரும், உட்கார இடம் கிடையாது.

அந்த எட்டுப் பேரில் எதிரித் தாக்குதலில் நேரடியாக இறந்தவர் ஷேரன் லேன் ஒருவர்தான். ஒஹையோ மாநிலத்தின் கான்டன் ஊர்க்காரர். ச்சு லாயில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியில், வியட்நாமிய நோயாளிகளின் வார்டில் வேலை. 1969 ஜூன் 8 அதிகாலை ராக்கெட் ஒன்று வந்து வெடித்தது. இருபத்தாறு வயது ஆக ஒரு மாதம் இருந்தது. வியட்நாமுக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அவர் செவிலியர் படிப்பு படித்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் 1973-லேயே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். தலைநகரம் இருபது ஆண்டு கழித்துச் செய்ததை ஒரு சின்ன ஊர் முதலிலேயே செய்துவிட்டது.

மற்றவர்களில் ஆனி ரூத் கிரஹாம் மூத்தவர். இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் இரண்டிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்; 1968-ல் மூளை ரத்தக்கசிவில் போனார், வயது 51. பமேலா டோனவன் அதே ஆண்டு நோயில் இறந்தார். கரோல் டிராஸ்பாவும் எலிசபெத் ஜோன்ஸும் 1966 பிப்ரவரியில் சைகோன் அருகே ஹெலிகாப்டர் விபத்தில். விமானப்படையைச் சேர்ந்த மேரி கிளிங்கர், 1975 ஏப்ரல் 4 அன்று அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைகோனிலிருந்து கிளம்பிய பெரிய விமானம் விழுந்து நொறுங்கியபோது இறந்தார்.

எலினார் அலெக்சாண்டர், ஹெட்விக் ஓர்லவ்ஸ்கி இருவரையும் 1967 நவம்பரில் பெரிய சண்டை ஒன்றின்போது கை கொடுக்க ப்ளேக்குவுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும்போது விமானம் விழுந்தது. அந்த விமானத்தில் இரண்டு ஆண் செவிலியர்களும் இறந்தார்கள். அமெரிக்க ராணுவச் செவிலியர் படையில் ஆண்களுக்கு 1955 முதல் அதிகாரிப் பதவி உண்டு. அவர்கள் பெயரும் சுவரில் இருக்கிறது, ஆனால் தோட்டத்தில் அவர்களுக்கு மரம் இல்லை. காரணம், செவிலியர் நினைவிடம் என்று தொடங்கிய இந்த முயற்சி, செஞ்சிலுவை ஊழியர்கள், எழுத்தர்கள், தகவல் தொடர்புப் பணியாளர்கள் என்று மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு 'வியட்நாம் பெண்கள் நினைவிடம்' ஆகிவிட்டது. அகலமானதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே விமானத்தில், ஒரே வேலைக்குப் போய்த் திரும்பிய நால்வரில் இருவருக்கு மட்டும் மரம் என்பது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. ஆக, தனி நினைவிடம் வைத்தாலும் யாராவது விடுபடுவார்கள் என்று நீங்கள் சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன்.

தனி நினைவிடம் என்றால் சிலைதான் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இதை வேறு மாதிரி செய்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்கு மூன்று நாள் முன்பு, 65 ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர்கள் வைனர் புரூக் என்ற கப்பலில் கிளம்பினார்கள். பங்கா தீவு அருகே ஜப்பானிய விமானங்கள் கப்பலை மூழ்கடித்தன. 12 பேர் கடலோடு போனார்கள். கரை சேர்ந்தவர்களில் 22 பேரைக் கடற்கரையில் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். அதில் பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவர் மட்டும். அவரும் மற்றவர்களுமாக 32 பேர் போர்க் கைதிகள் ஆனார்கள். எட்டுப் பேர் முகாமிலேயே இறக்க, ஊர் திரும்பியவர்கள் 24 பேர்.

புல்விங்கலும், அவரோடு முகாமில் இருந்த பெட்டி ஜெஃப்ரியும் திரும்பி வந்து கல்லும் வெண்கலமும் கேட்கவில்லை. விக்டோரியா மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆஸ்பத்திரிகளில் பேசி நிதி திரட்டி, மெல்போர்னில் செவிலியர்களுக்கென்று ஒரு நினைவு மையம் எழுப்பினார்கள், 1950-ல் திறந்தது. தங்குவதற்கும் கூடுவதற்கும் மேலே படிப்பதற்கும் உதவும் இடம். புல்விங்கலுக்குச் சிலை வந்தது அவர் காலமாகி இருபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2023-ல், கான்பெராவில் இருக்கும் போர் நினைவகத்தின் வளாகத்தில். அந்த வளாகத்தில் தனி ஒரு பெண்ணுக்கு வைத்த முதல் சிலை அது. இரண்டு வழியில் எது மேல் என்று கேட்டால் நான் மெல்போர்ன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் வாஷிங்டன் செவிலியர்களின் சிக்கல் வேறு. புல்விங்கலின் கதை ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் அங்கே இருந்ததே ஊருக்குத் தெரியவில்லை. அதற்குக் கண்ணில் படுகிற ஒன்று, அதுவும் கூட்டம் வருகிற இடத்தில், தேவைப்பட்டது.

"ஆளாளுக்குக் கேட்டால் எங்கே போய் முடியும்" என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது: தலைநகரின் மையப் பகுதியில் எதை வைப்பதானாலும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும், பல குழுக்கள் ஒப்புதல் தர வேண்டும், பணத்தைப் பெரும்பாலும் கேட்பவர்களே திரட்ட வேண்டும். இந்தச் செவிலியர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒன்பது ஆண்டு ஆனது. அவ்வளவு தூரம் வரிசையில் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறதோ அவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்பேன். இதனால் வீரர்களின் மரியாதை குறைந்தது என்று யாராவது சொன்னால், அந்த வீரர்களையே கேட்கச் சொல்லுங்கள். சிலைக்காக ஊர் ஊராக உண்டியல் பிடித்தவர்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து எழுந்து போன ஆண்கள் நிறையப் பேர்.

நேரில் பார்க்கப் போகிறவர் என்றால் ஒரு யோசனை. முதலில் சுவரின் முகப்பில் இருக்கும் பெயர்ப் புத்தகத்தில் ஷேரன் லேன் பெயரைத் தேடி, எந்தப் பலகை என்று பார்த்துப் போய் நின்று பாருங்கள். சுற்றிலும் அந்த வாரம் இறந்த மற்றவர்கள் இருப்பார்கள். பிறகு அங்கிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் சிலை. மே கடைசியில் வரும் மெமோரியல் டே (போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள்), அல்லது முன்னாள் படைவீரர் நாளான நவம்பர் 11, இந்த இரண்டு நாளில் ஒன்றில் போனால் நல்லது. முன்னாள் செவிலியர்கள் சிலைக்குப் பக்கத்தில் நின்று தங்கள் அனுபவத்தைத் தாங்களே சொல்லும் வழக்கம் உண்டு. அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது, எனவே ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள்.